கண் எனும் அமானிதம்

 

வட்டியைப் பற்றியும் எடைக்கல்லைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் நம்மிடையே பேசுவோர் அனேகர். பள்ளிவாசல் வராந்தாவில் கூட யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை இன்று நாம் பிரஸ்தாபிக்கத் துணிந்திருக்கிறோம். ஆபாசப் படம் பார்க்கும் பழக்கமே அது. பெண்மக்களும் படிக்கும் ஏட்டில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். மறைத்துப் பேசி மறைத்துப் பேசியே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதால் எழுதுகிறோம்.

நாம் ஆலிம் அல்லோம். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பாடசாலையில் படித்ததும்தான் நமது கல்வி முதல். மீதியெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கற்றது. ஆகவே மார்க்கச் சட்டத்தில் பிழை கண்டால் ஹஜ்ரத்மார்கள் திருத்தட்டும்.

சென்ற ரமலானில் அங்கூலியாப் பள்ளியில் தராவீஹ் முடிந்து, சிராங்கூன் ரோடு வழியாக ஃபேரர் பார்க்கிலுள்ள நமது கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட வந்தவன் நமது கடைப் பையன். வயது இருபத்து மூன்று. ரோட்டைக் கடக்க நின்ற இடத்தில், நம் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்:

"மொதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க. செல்போன்ல அசிங்கப் படம் பாக்குறது ஒரு வியாதியா? ஒரு பயான்ல, சாராயத்தை விடப் பெரிய போதைன்னு சொன்னாங்க. வியாதின்னா குத்தம் நம்ம மேல இல்லைல்ல?"

பச்சை விளக்கு எரிந்தும் நாம் நகரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டது மஸ்அலா அல்ல, தன் கதை. அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று நமக்கு அப்போது தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது.

2014ல் நமது கடையில் வேறொரு பையன் இருந்தான். சுறுசுறுப்பு, கைச்சுத்தம், ஐந்து வேளைத் தொழுகை எல்லாம் உள்ளவன். கடைக்கு மேலே பையன்கள் தங்கும் அறைக்கு ஓர் இரவு இரண்டு மணிக்கு, சரக்கு வண்டி வந்த விஷயமாக நாம் ஏறிப் போனபோது, போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. இழுத்துப் பார்த்தோம். பார்த்ததும் நமக்குத் தலைக்கேறிவிட்டது. மற்ற நால்வரையும் எழுப்பி, அவர்கள் முன்னிலையில், நாக்கூசும் வார்த்தைகளால் அவனை ஏசினோம். அத்தோடு விட்டோமா? ஊரிலுள்ள அவனுடைய வாப்பாவைப் போனில் கூப்பிட்டு, உங்கள் மகனின் லட்சணம் இது என்றோம். ஒரு வாரத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டோம். தீனுக்காகக் கோபப்பட்டோம் என்று அன்று நமக்கு ஒரு நிறைவு கூட இருந்தது.

ஊருக்குப் போன செய்தி ஊர் முழுக்கப் போயிற்று. பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. மூன்று வருடம் கழித்து நாம் ஊருக்குப் போனபோது அந்த வாப்பாவைக் காணச் சென்றோம். ஸலாமுக்குப் பதில் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நாம் மதரஸாவில் சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஹதீஸின் கருத்து. போர்வைக்குள் இருந்த பாவத்தை நாம்தான் வெளிச்சத்துக்கு இழுத்தோம். நாற்பது வீட்டுக்குச் சொன்னோம். அவன் பாவத்தையும் நமது பாவத்தையும் தராசில் வைத்தால் எது தாழும் என்று இன்றைக்கும் நமக்குத் துணிவாகச் சொல்ல முடியவில்லை.

இனி பையனின் கேள்விக்கு வருவோம்.

இந்தச் சரக்கு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1959 ஜூனில் சுயாட்சி அரசாங்கம் பதவியேற்றதும் முதலில் கைவைத்த காரியங்களில் ஒன்று ‘மஞ்சள் கலாச்சார’ ஒழிப்பு. ஆபாசப் பத்திரிகைகளைத் தடுத்தார்கள். காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ் பெட்டிகளையும் விட்டு வைக்கவில்லை. (மளிகைக்கடைக்காரர்களாகிய நமக்கு மஞ்சள் நல்ல சரக்கு, அந்த நிறம் எப்படி இந்த நாற்றத்துக்குப் பெயராயிற்றோ, பாவம்!) 1967ல் விரும்பத்தகாத வெளியீடுகள் சட்டம் வந்தது. 1981ல் வந்த திரைப்படச் சட்டத்தின்படி ஆபாசப் படத்தைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இணையம் வந்த பிறகு ஒரு நூறு தளங்களை, ஓர் அடையாளமாக, அரசாங்கம் அடைத்து வைத்தது. நமது தாயகத்திலும் 2015 ஆகஸ்டில் 857 தளங்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டு, கூச்சல் கிளம்பியதும் சில நாட்களிலேயே தளர்த்தினார்கள். உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தலையிட்டதன் பேரில் 2018ல் மறுபடியும் 827 தளங்களை அடைத்தார்கள்.

வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் பிடிக்கலாம். பெட்டி இல்லாமல், பில் இல்லாமல், விலையுமில்லாமல் ஆகாயத்தில் வரும் சரக்கை எந்தச் சுங்கச் சாவடியில் பிடிப்பது? அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்தை வாங்க வேண்டுமானால் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும். தெரிந்தவர் யாராவது வருகிறாரா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தலே பாதிப் பேரைக் காப்பாற்றியது. இப்போது அந்த வெட்கத்தின் வாசலும் இல்லை. சட்டம் வேலி போடலாம். ஆனால் திறப்பவனுடைய கட்டை விரல் அவனிடம்தானே இருக்கிறது!

சரி, இது போதையா? வியாதியா? ஆங்கிலம் படித்த நம் மகனை உட்கார வைத்து, மருத்துவர்கள் எழுதியவற்றை நான்கு இரவு வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். (தகப்பனும் மகனும் சேர்ந்து இதைப் படித்த சங்கடத்தை என்னவென்று சொல்வது! முதல் இரவு அவன் தலை நிமிரவேயில்லை. நாலாம் இரவு அவனாகவே சில கேள்விகள் கேட்டான். அந்த நாலு இரவும் வீண் போகவில்லை.)

நாம் எதிர்பார்த்தது, மருத்துவ உலகம் ஒரே குரலில் ஆம், போதைதான் என்று சொல்லும் என்பது. அப்படி இல்லை. அவர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது. 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்க் கையேட்டைப் புதுப்பித்தபோது இதைச் சேர்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த நோய்ப் பட்டியலில், கட்டுக்கு அடங்காத பாலியல் நடத்தை என்று ஒரு கோளாறைச் சேர்த்திருக்கிறது. அதையும் சூதாட்டத்தையும் கணினி விளையாட்டையும் வைத்த போதை வரிசையில் வைக்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு அவர்கள் சொல்லும் அளவுகோல் கடுமையானது. ஒருநாள் இருநாள் சறுக்கல் கணக்கில் வராது. ஆறு மாதம் போலவோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். விட முயன்று முயன்று தோற்றிருப்பது ஓர் அடையாளம். கடும் மனவேதனையாவது, குடும்பம், வேலை முதலியவற்றில் பெரும் பாதிப்பாவது இருக்க வேண்டும். கேடு விளைந்த பிறகும் தொடர்வதும், இன்பமே இல்லாமல் போன பிறகும் தொடர்வதும் மற்ற அடையாளங்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள்: இது பாவமாயிற்றே என்ற மனவேதனை மட்டுமே இருந்தால், அது இந்த நோய் ஆகாது.

கடைசி வரி நம்மைச் சற்றே திடுக்கிட வைத்தது. ஆனால் யோசித்தால் நியாயம்தான். பாவ உணர்ச்சி ஈமானின் அடையாளம், நோயின் அடையாளமல்ல. அமெரிக்காவில் ஜோஷ்வா கிரப்ஸ் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர், மதப்பற்று மிகுந்தவர்கள் குறைவாகப் பார்த்தாலும் தங்களை அடிமை என்று எண்ணி வதைபடுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு இரட்டைச் சுமை. பார்த்த பாரம் ஒன்று. நான் அழிந்துவிட்டேன், இனி எனக்கு மீட்சி இல்லை என்ற பாரம் மற்றொன்று. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர் என்று திருமறை (39:53) வரம்பு மீறியவர்களைத்தானே விளித்துச் சொல்கிறது? மிம்பரிலிருந்து, இது சாராயம், இது கஞ்சா, ஒருமுறை தொட்டவன் மீளமாட்டான் என்று முழங்குகிறவர்கள், நல்லெண்ணத்தோடேயே, ஷைத்தானின் வேலையில் பாதியைச் செய்து கொடுக்கிறார்கள் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

அப்படியானால் கேடே இல்லையா? அவசரப்பட வேண்டாம்.

2014ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், இந்தப் பழக்கத்தை அடக்க முடியாமல் தவிக்கும் 19 ஆடவரையும் சாதாரணமான 19 பேரையும் ஒப்பிட்டு மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். போதைப் பொருளுக்கு அடிமையானவன் அந்தப் பொருளைக் கண்டால் மூளையில் எந்த இடங்கள் விழிக்குமோ, தவிப்பவர்களுக்கு அதே இடங்கள் மற்றவர்களை விட அதிகமாக விழித்தன. அதைவிட நமக்கு விசேஷமாகப் பட்டது வேறொன்று. அவர்களுக்கு வேட்கை மிகுதி. ஆனால் ரசனை மற்றவர்களை விட மிகுதியில்லை. வேண்டும் வேண்டும் என்கிறது மனம். கிடைத்தால் ருசி இல்லை. உப்புத் தண்ணீர் குடித்தவன் கதை! அதே ஆண்டு ஜெர்மனியின் பெர்லினில் நோயில்லாத 64 ஆடவரைச் சோதித்து, அதிக நேரம் பார்ப்பவர்களுக்கு மூளையின் இன்ப உணர்வோடு தொடர்புள்ள ஒரு பகுதி சிறுத்திருப்பதாகக் கண்டார்கள். பார்த்ததால் சிறுத்ததா, சிறுத்திருந்தவர்கள்தாம் அதிகம் பார்க்கிறார்களா என்பதை இதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது என்று அந்த ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜ்காரர்களும், இதனாலேயே இது போதை என்று தீர்ப்பாகாது என்றார்கள். அந்த நேர்மையை நாம் மெச்சுகிறோம். நமது பயான்களில் பெர்லினின் முதல் பாதி மட்டும் வருகிறது, மறுபாதி வருவதில்லை.

ஆக, பார்க்கும் பலருக்கு இது விடக்கூடிய கெட்ட பழக்கம். சிலருக்கு, தன் பலத்தால் மட்டும் அவிழ்க்க முடியாத முடிச்சு. பையனுக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் பதில் அதுதான். "வியாதின்னா குத்தம் இல்லைல்ல" என்றானே, அந்தக் குறுக்கு வழியும் மூடிவிட்டது. "நாம அழிஞ்சோம்" என்ற படுகுழியும் மூடிவிட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1111ல் மறைந்தவர்கள். மூளையைப் படம் எடுக்கும் கருவி அவர்கள் காலத்தில் இல்லை. ஆனால் இஹ்யாவில் இரண்டு இச்சைகளைப் பற்றிய பகுதியில் ஓர் உவமை சொல்கிறார்கள். வாசலுக்குள் நுழையப் போகும் மிருகத்தை, நுழையுமுன் கடிவாளத்தைப் பிடித்துத் திருப்புவது எளிது. உள்ளே போக விட்டுவிட்டு, பின்னால் நின்று வாலைப் பிடித்து இழுப்பது எத்தனை கஷ்டம்! ஊரில் மாடு வைத்திருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. திருமறையில் (24:30) முதலில் பார்வையைத் தாழ்த்தச் சொல்லி, அதற்குப் பிறகே கற்பைக் காக்கச் சொன்ன வரிசையின் ஹிக்மத்தும் இதுதான் போலும். அலி (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள், தற்செயலாக விழும் முதல் பார்வைக்குக் குற்றமில்லை, தொடரும் பார்வைக்கு உண்டு என்ற கருத்தில் உபதேசித்தார்கள். கடிவாளம் கையில் இருப்பது முதல் பார்வைக்கும் இரண்டாம் பார்வைக்கும் இடையிலுள்ள அந்த ஒரு நொடியில்தான்.

கேட்டைக் கணக்குப் பார்க்க மருத்துவப் பட்டியல் வேண்டியதில்லை, பேரேடு போதும். இரவு இரண்டு மணி வரை விழித்தவன் சுபுஹைத் தவற விடுகிறான். பகலில் பில்லில் தப்புப் போடுகிறான். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறவன், பணத்துக்கு நடிக்கும் வேற்றாரைக் கண்டு கண்டு, வீட்டில் காத்திருந்தவளின் இயல்பான நாணத்தைக் குறையாக எண்ணுகிறான். அவளோ எதுவும் விளங்காமல், நம்மிடம்தான் ஏதோ குறை என்று தன் உம்மாவிடம் கூடச் சொல்ல முடியாமல் அழுகிறாள். நமக்குத் தெரிந்து இப்படி ஒரு வீடு ஜமாஅத்துப் பஞ்சாயத்து வரை வந்தது. வந்திருந்த பெரியவர்கள் சீர்வரிசையைப் பற்றியே மூன்று மணி நேரம் பேசினார்கள்!

பார்ப்பவனுக்கு என்ன கேடு என்று மட்டுமே கேட்பதும் ஒரு வகையில் சுயநலம். படத்தில் இருப்பவள் யார்? 2019ல் இந்தச் சிங்கப்பூரில் ‘நாசி லெமாக்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு டெலிகிராமில் ஒரு கூட்டம் நடந்தது. நமது தட்டில் வைக்கும் சோற்றின் பெயர்! அதில் 40,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். பெண்களின் படங்கள், அவர்கள் அறியாமலே, கை மாறின. அக்டோபரில் போலீசார் நால்வரைக் கைது செய்தார்கள். 2020 ஜனவரி 1 முதல், மறைந்திருந்து படமெடுப்பதும் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவதும் தனிக் குற்றங்களாகத் தண்டனைச் சட்டத்தில் ஏறின. நால்வர் பிடிபட்டார்கள். மற்ற நாற்பதாயிரம் பேர்? காசு கொடுத்தோ கொடுக்காமலோ பார்த்தவர்கள்தானே? திருட்டுச் சரக்கை வாங்கியவன், நான் திருடவில்லையே என்றால் நம்மில் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்?

இங்கேதான் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. அபூ உமாமா (ரலி) அறிவிக்க, முஸ்னத் அஹ்மதில் பதிவாகியிருப்பது. ஒரு வாலிபர் வந்து, விபசாரத்துக்கு அனுமதி தாருங்கள் என்றே கேட்டுவிட்டார். போர்வைக்குள் அல்ல, சபையில்! சுற்றியிருந்தவர்கள் சீறினார்கள். நாயகம் அவர்களோ அவரைக் கிட்டே அழைத்து உட்கார வைத்தார்கள். உம்முடைய தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு, மாமிக்கு, சாச்சிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். பிறரும் அப்படித்தான் விரும்பமாட்டார்கள் என்பதை அவர் வாயாலேயே விளங்க வைத்து, அவர் மீது கை வைத்து, பாவமன்னிப்புக்கும் மனத்தூய்மைக்கும் கற்பின் காவலுக்கும் துஆச் செய்தார்கள். அதன் பிறகு அந்த வாலிபரின் மனம் அதன் பக்கம் திரும்பவேயில்லை.

இந்த ஹதீஸை நாம் 2014க்கு முன்பே கேட்டிருந்தோம். பலமுறை கேட்டிருந்தோம். அந்த இரவில் நாம் நின்றது சீறியவர்களின் வரிசையில்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. இருபது வயதுப் பிள்ளையைக் கொண்டு வந்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கி, ஜன்னல் இல்லாத அறையில் ஐந்து பேரைப் படுக்கப் போட்டு, ஞாயிறன்று ஓரிரு மணி நேரம் தேக்கா பக்கம் விட்டுவிட்டு, மீதிப் பொழுதுக்குத் துணையாக ஒரு செல்போனை மட்டும் விட்டு வைத்திருக்கிறோம். பிறகு அவன் அதில் என்ன பார்க்கிறான் என்று ஆச்சரியப்படுகிறோம்! வருடத்துக்கு ஒருமுறை மனைவியைப் பார்க்க லீவு கொடுக்க நம் கணக்குப் புத்தகம் இடம் கொடுக்காதா? திருமணத்துக்குச் சக்தியற்றவர் நோன்பு நோற்கட்டும் என்ற உபதேசத்தை அவனுக்கு எடுத்துச் சொல்கிறோம். அவனுக்குச் சக்தி வரவிடாமல் சம்பளத்தை நிறுத்தி வைப்பது யார்? தகப்பன்மார்களும் கேளுங்கள். கடையில் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று ஆறு வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறோம். கடிவாளத்தை நாமே கழற்றி விடுகிறோம்.

முடிச்சு இறுகிப் போனவர்களுக்குத் தௌபாவோடு மருந்தும் வேண்டும். பலதுறை மருந்தகத்து மருத்துவரிடம் தனியாகச் சொல்லிக் கடிதம் வாங்கலாம். புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழகத்தில் சூதாட்டம், மது, இணையம் முதலிய பழக்கங்களில் சிக்கியவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பல் வலிக்கு வைத்தியரிடம் போவது தவக்குல்லுக்கு விரோதமில்லை என்றால் இதுவும் விரோதமில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற பயத்தால்தான் பையன்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் வீணானது என்று சொல்ல நமக்கு வாயில்லை.

அன்று சிராங்கூன் ரோட்டில் மறுபடியும் சிவப்பு விளக்கு விழுந்தது. நாம் அவன் தோளில் கை வைத்து, "தம்பி, இது யாருக்கும் தெரிய வேணாம். நாளைக்கு அஸருக்கப்புறம் உட்கார்ந்து பேசுவோம்" என்றோம். பேசினோம். தினமும் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறிக்கச் சொன்னோம். எழுதியதை நம்மிடம் காட்ட வேண்டாம் என்றும் சொன்னோம். மருத்துவரிடம் போக வேண்டிய நிலை வந்தால் சொல், லீவு போட்டுக் கூடவே வருகிறோம் என்றோம். அதுவரைக்கும் என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு போன் பேசிவிட்டு, செல்போனைக் கொண்டு வந்து நமது கல்லாப் பெட்டியில் வைத்துவிடுகிறான். சுபுஹுக்கு வந்து எடுத்துக்கொள்கிறான். காரணம் மற்ற பையன்களுக்குத் தெரியாது. சார்ஜ் போட அறையில் பிளக் காணவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறான்.

எல்லா இரவும் அப்படி நடப்பதில்லை. சென்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, போனைக் கேட்டான். பெட்டியைத் திறந்து கொடுத்தோம். வெள்ளிக்கிழமை இரவு, நாம் எதுவும் கேட்காமலே, மறுபடியும் கொண்டு வந்து வைத்தான்.